பந்து ஏறாத மாலை

எஃபி மெக்கெல்லர் அந்த ஏரியில் படகு ஓட்டத் தொடங்கி இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. கிழக்குக் கரையில் சாலை கிடையாது. வடக்கே மலைநாட்டுக்குப் போகும் நூறு மைல் நடைபாதை மட்டும் உண்டு. அந்தக் கரையில் ஒரு கம்பம். கயிற்றை இழுத்து ஆரஞ்சு நிற மிதவையை உச்சிக்கு ஏற்றினால், மேற்குக் கரையிலிருந்து எஃபி படகை எடுத்துக்கொண்டு போவாள். ஊரில் அதற்குப் பந்து என்று பெயர். படகு வந்ததும் பந்தை இறக்கிவிட வேண்டும். இறக்காமல் வந்தவர்களை அவள் வைததையெல்லாம் கொட்டினால் ஏரியே தூர்ந்துபோகும்.

அந்த வியாழக்கிழமை மூன்று மணியிலிருந்து அவள் கண் கம்பத்தைவிட்டு அகலவில்லை. டார்க்கில் என்ற அவள் தம்பி அன்று அந்தக் கரையில் நடந்து வந்துகொண்டிருந்தான். முப்பது வருஷம் பஸ் ஓட்டியவன். வசந்தத்தில் இதயத்தில் அறுவை சிகிச்சை. டாக்டர் தினமும் நடக்கச் சொன்னார். இவன் நூறு மைலுக்குக் கிளம்பிவிட்டான். இன்றைய பதினான்கு மைல்தான் இருப்பதிலேயே மோசம். வேரும் பாறையுமாகக் கையை ஊன்றி ஏறவேண்டிய பாதை. போன் எடுக்காது. நாலு மணிக்குப் பந்தை ஏற்றுகிறேன் என்று முந்தின இரவு தங்கிய விடுதியிலிருந்து சொல்லியிருந்தான்.

நாலு அடித்தது. பந்து ஏறவில்லை.

கரையில் மதுக்கடை வைத்திருக்கும் முர்டோ ஒரு கோப்பை டீயோடு வந்து, பஸ்காரன் பழக்கத்தில் ஒவ்வொரு மரத்தடியிலும் நின்று ஆள் ஏற்றிக்கொண்டு வருகிறானோ என்னவோ என்றான். எஃபி சிரிக்கவில்லை. அவள் கணவன் ரானல்டும் ஒன்பது வருஷத்துக்கு முன் இப்படி ஒரு மழைவிட்ட மாலையில்தான், படகுக் கயிற்றைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனவன் திரும்பவில்லை. மார்வலி என்று யாரிடமும் சொன்னதில்லை. டீ ஆறும்வரை கோப்பையைக் கையிலேயே வைத்திருந்தாள்.

பந்து ஏறாமல் படகு போகாது. அது அவளே வைத்த சட்டம். ஐந்து மணிக்கு அவளே அதை மீறினாள். அக்கரையில் தான் துடுப்பைத் தூக்கி ஆட்டினால் மீட்புப் படைக்குப் போன் போடும்படி முர்டோவிடம் சொல்லிவிட்டு எஞ்சினை முடுக்கினாள்.

பாதி ஏரி தாண்டியதும் தெரிந்தது. கம்பத்தடியில் ஒரு பாறை. அதன்மேல் ஓர் ஆள். பூச்சிக்குப் பயந்து தலையோடு துண்டைப் போர்த்தியிருந்தான். வெளுத்த பாதங்கள் இரண்டும் தண்ணீரில் கிடந்தன. ஒரு பாதம் அசைந்தது. எஃபிக்கு அதுவரை எங்கோ சிக்கியிருந்த மூச்சு வெளியே வந்தது. அதோடு கோபமும் வந்தது.

"எப்படா வந்த?"

"மூன்றரைக்கு."

"கை என்ன ஒடிஞ்சா போச்சு? பந்த ஏத்துறதுக்கென்ன?"

டார்க்கில் கம்பத்தைக் காட்டினான்.

கயிற்றின் அடியில் ஒரு முடிச்சு. அவளுடைய முடிச்சு. போன வாரம் ஒரு கும்பல் விளையாட்டுக்குப் பந்தை ஏற்றி ஏற்றி அவளை நாலு தடவை வெறும் படகோடு அலையவிட்டது. நேற்று மாலை கடைசி ஆளை ஏற்றியதும், இனி எவன் கை வைக்கிறான் பார்ப்போம் என்று இறுக்கிக் கட்டினாள். காலையில் வந்து அவிழ்க்க நினைத்தாள். காலையில் சவாரியே இல்லை, மறந்துபோயிற்று. ராத்திரி மழையில் கயிறு ஊறிக் கல்லாகிவிட்டிருந்தது.

கத்திக் கத்திப் பார்த்தானாம். எதிர்க்காற்று குரலை அவன் வாய்க்கே திருப்பி அனுப்பிவிட்டதாம். நகம் ரெண்டு பிய்ந்ததுதான் மிச்சம்.

"கத்தி வச்சிருக்கல்ல? அறுத்துத் தொலைக்கிறதுதானே?"

"உன் கயிறு அது, அக்கா. அத அறுத்தா நீ என்னை அறுத்திருப்ப. டாக்டர் ஏற்கெனவே ஒரு தடவ அறுத்தாச்சு, போதும்."

எஃபி பாறையில் அவன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பு வந்து, அடங்கி, திரும்ப வந்தது. மார்பு எப்படியிருக்கிறது என்று கேட்டாள். பசிதான் கொல்கிறது, ஓட்ஸ் ரொட்டி ரெண்டு மணிக்கே தீர்ந்துவிட்டது என்றான்.

கத்திமுனையால் நெம்பி அவள் முடிச்சை அவிழ்த்தாள். டார்க்கில் உடனே படகில் ஏறவில்லை. பதினான்கு மைல் நடந்தது இந்தப் பந்துக்காகத்தான், ஏற்றாமல் படகில் கால் வைக்கமாட்டேன் என்றான். படகு எதிரிலேயே நிற்க, கயிற்றை இழுத்து உச்சிக்கு ஏற்றினான். ஏற்றின கையோடு, அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டு படகில் இறங்கினான்.

நடு ஏரியில் எஃபி திரும்பிப் பார்த்தாள். பந்து உச்சியிலேயே ஆடிக்கொண்டிருந்தது.

"அக்கா, பந்து..."

"பாத்தேன்," என்றாள் எஃபி. படகைத் திருப்பவில்லை.