டேஷ்போர்டுக்கு வச்ச பூட்டு

செட்டியார்பட்டி மாரிச்சாமி ஓட்டுகிற லோடு வண்டியில் டேஷ்போர்டுப் பெட்டிக்கு மூடி கிடையாது. வண்டி கைக்கு வந்த அன்றைக்கே கழற்றி வீசிவிட்டார். சீப்பு, பீடிக்கட்டு, வண்டிப் பேப்பர், பாதி தின்ற சேவுப் பொட்டலம் எல்லாம் வருகிறவன் போகிறவன் கண்ணில் படும். "என்னண்ணே, வாயைப் பொளந்துக்கிட்டுக் கெடக்கு?" என்று கேட்டால், "கெடக்கட்டும். உள்ள என்ன இருந்துச்சுன்னு எவனும் என்னையக் கேக்க மாட்டான்ல" என்பார். அதற்கு மேல் அவர் வாயைக் கிளற முடியாது.

இதற்கு முன்னால் பதினெட்டு வருசம் ராஜபாளையத்தில் ஒரே முதலாளியிடம் கார் ஓட்டினார். பேண்டேஜ் துணி வியாபாரம் பண்ணுகிற சௌந்தரபாண்டியன். அந்த வீட்டுப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டதும் காலேஜில் விட்டதும், பெண் பார்க்க வந்தவர்களை ரயிலடியிலிருந்து கூட்டிவந்ததும் மாரிச்சாமிதான். முதலாளி சம்சாரம் வெங்கடேஸ்வரி அவரை ஒருநாளும் டிரைவர் என்று கூப்பிட்டதில்லை. "மாரியண்ணே"தான். அந்த ஒரு சொல்லுக்காகவே கூடுதல் சம்பளம் தருகிறேன் என்று கூப்பிட்டவனை எல்லாம் இவர் திருப்பி அனுப்பியிருக்கிறார்.

முதலாளி மகள் கல்யாணம் நெருங்கின நேரம். நகை பேங்குக்கும் ஆசாரி கடைக்கும் வீட்டுக்குமாகக் காரிலேயே அலைந்துகொண்டிருந்தது. ஒருநாள் காலையில் முதலாளி, "வண்டியை ஹபீப்கிட்டக் கொண்டு போ. போன்ல சொல்லிட்டேன்" என்றார். என்ன வேலை என்று சொல்லவில்லை. ஹாரன் மாற்றுவதாக இருக்கும் என்று மாரிச்சாமி போனார்.

ஹபீப் ரகுமான் கார் எலெக்ட்ரீசியன். இவருக்கு இளையவன், மாமா என்று கூப்பிடுகிற பழக்கம். டேஷ்போர்டைப் பிரித்தான். கார்க் கதவுக்குப் போடுகிற லாக் மோட்டார் ஒன்றை உள்ளே உட்காரவைத்து வயர் இழுத்தான். ரிமோட்டை அமுக்கினால் பெட்டி 'டக்'கென்று திறக்கும். மாரிச்சாமிதான் டார்ச் பிடித்தார்.

"இது எதுக்குலே? கார்க் கதவுலதான் பூட்டு இருக்கே."

"கார்ச் சாவி யாருகிட்ட மாமா இருக்கு?"

"என்கிட்டதான்."

"இந்த ரிமோட்டு யாருகிட்ட இருக்கப் போவுது?"

"முதலாளிகிட்ட."

"பொறவென்ன கேள்வி? வெளிச்சத்த நல்லாக் காட்டும். உமக்குன்னு போடுற பூட்டு, கோணலாப் போயிரக் கூடாது பாரும்."

சொல்லிவிட்டுச் சிரித்தான். மாரிச்சாமியும் சிரித்தார். டார்ச் வெளிச்சம் மட்டும் செத்த நேரம் எங்கேயோ போய்விட்டு வந்தது.

வேலை முடிந்ததும் ஹபீப் அவர் கையைப் பிடித்து டேஷ்போர்டுக்கு அடியில் கொண்டுபோனான். விரலில் ஒரு கம்பி தட்டுப்பட்டது.

"பேட்டரி படுத்துட்டா இத இழும், தொறந்துக்கிடும். முதலாளி தனக்கு மட்டும் காட்டச் சொன்னாவ. அவிய எங்க குனிஞ்சு தேடப் போறாவ? நடுரோட்டுல நிக்கப் போறது நீருதான்."

"அட பாவி, எனக்கு எதுக்குலே காட்டுன?"

எந்த வண்டியானாலும் டிரைவரிடம் சொல்லிவிடுவதுதான் பட்டறை வழக்கம். அவன் அப்படிப் பழகிவிட்டான். காட்டினதை இனிமேல் காட்டாததாக ஆக்க முடியுமா? முதலாளியிடமே சொல்லிவிடலாமா என்று யோசித்தார். சொன்னால் ஹபீப் பிழைப்பில் மண் விழும். பேசாமல் இருந்துவிட்டார். அன்றிலிருந்து அந்தப் பக்கம் கை போகாமல் வண்டி ஓட்டினார். கீழே விழுந்த பேனாவைக்கூட எடுக்கவில்லை.

முதல் கல்யாணப் பத்திரிகையை ஆண்டாள் சந்நிதியில் வைக்க முதலாளியும் சம்சாரமும் ஸ்ரீவில்லிபுத்தூர் போனார்கள். கோயிலுக்குள் செல்போன் கூடாது. முதலாளி இரண்டு பேர் போனையும், வழியில் ஆசாரியிடம் வாங்கின நகைப்பையையும் டேஷ்போர்டில் வைத்துப் பூட்டி, ரிமோட்டை இடுப்பில் செருகிக்கொண்டு போனார். அந்தம்மாவுக்கு இளைப்பு உண்டு. அவர் இழுக்கிற இன்ஹேலர் எப்பவும் போல அதே பெட்டிக்குள்.

கொஞ்ச நேரத்தில் அந்தம்மா மட்டும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்தார். சாம்பிராணிப் புகை ஆகவில்லை. சீட்டில் விழுந்து டேஷ்போர்டைக் காட்டினார். பேச்சு வரவில்லை, விசில் மாதிரிச் சத்தம்தான் வந்தது. மாரிச்சாமி முதலாளிக்குப் போன் போட்டார். பூட்டின பெட்டிக்குள்ளேயே மணி அடித்தது. ஆஸ்பத்திரிக்குத் திருப்பலாம் என்றால் முன்னும் பின்னும் சுற்றுலா வேன். அந்தம்மா உதடு கறுத்துக்கொண்டு வந்தது.

கம்பியை இழுத்தார்.

மருந்தை இழுத்து மூச்சு திரும்பினதும் அந்தம்மா கண்ணில் தண்ணீர். "தெய்வம் மாதிரி இருந்தீகண்ணே" என்றார்.

முதலாளி வந்தார். அவர் கண் முதலில் போனது திறந்து கிடந்த டேஷ்போர்டுக்கு. பொறவுதான் சம்சாரத்துக்கு. நகைப்பையைப் பிரித்துக் கிண்டிப் பார்த்தார். எல்லாம் இருந்தது.

"யாரு தொறந்தா?"

"நான்தான்யா. அம்மாவுக்கு இளைப்பு வந்து..."

"அத நான் கேக்கல. ரிமோட்டு என் இடுப்புல இருக்கு. எப்பிடித் தொறந்த?"

"அடியில கம்பி இருக்குல்லய்யா."

"அது உனக்கு எப்போ தெரியும்?"

"மாட்டுன அன்னைக்கே."

"அப்போ இம்புட்டு நாளும் நீ நெனச்சா தொறந்திருக்கலாம்."

"தொறக்கலையேய்யா."

"அத எப்பிடிரா நம்புறது?"

மாரிச்சாமி அந்தம்மாவைப் பார்த்தார், ஒரு வார்த்தை சொல்வார் என்று. அந்தம்மா நகைப்பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, "தெரிஞ்சுச்சுன்னா எங்ககிட்டச் சொல்லியிருக்கலாம்லண்ணே?" என்றார். முதலாளி பேசினதை எல்லாம் தாங்கின மனுசனுக்கு இந்த 'அண்ணே'தான் தாங்கவில்லை.

ராஜபாளையம் வரைக்கும் மாரிச்சாமிதான் வண்டியை ஓட்டிவந்தார். வீட்டு வாசலில் முதலாளி கை நீட்டினார். "சாவியக் குடு. வேலை இருந்தாக் கூப்பிடுறேன்."

மறுநாள் ஹபீப் போன் பண்ணினான். "மாமா, உம்ம முதலாளி அவரே வண்டிய ஓட்டிட்டு வந்திருக்காரு. என்னையக் கிழி கிழின்னு கிழிச்சிட்டாரு. கம்பிய வேற எடத்துக்கு மாத்தணுமாம். உமக்குச் சொல்லக் கூடாதாம்."

"சொல்லாத. இன்ஹேலர் எங்க இருக்குன்னு பாரு."

"அதே பெட்டிக்குள்ளதான் கெடக்கு."

"அப்போ அந்தம்மாவுக்காச்சும் கம்பியக் காட்டிவிடுலே."

"கேட்டேன் மாமா. அவியளுக்கும் வேண்டாம்னுட்டாரு."

மாரிச்சாமி போனை வைத்தார். கூப்பிடுவார்கள் என்று கல்யாணத்து அன்றைக்கு வரைக்கும் சட்டையைத் தேய்த்துவைத்து இருந்து பார்த்தார். பத்திரிகைகூட வரவில்லை.