யாருக்குக் காட்டக்கூடாது

பாலேஸ்வரிக்கு நாற்பத்தொரு வயது. வெள்ளவத்தையில், ஒரு புடைவைக்கடைக்கு மேல்மாடியில் இருந்த காமாட்சி திருமண சேவையில் பதினொரு வருடமாகச் சாதகக் குறிப்புகளைப் பொருத்திப் பார்ப்பது அவளுடைய வேலை. முந்நூறு கலியாணமாவது அவள் கைபட்டு நடந்திருக்கும். அவர்களில் எத்தனை பேர் சந்தோஷமாக இருக்கிறார்கள் என்று யாரும் விசாரித்ததில்லை. விசாரித்தால் அந்தத் தொழில் நடக்காது. ஆனால் அவளுக்கு மட்டும் ஏன் ஒன்றும் ஆகவில்லை என்று வருகிறவர்கள் எல்லோரும் விசாரித்தார்கள். "செருப்புக் கடைக்காரன்ரை காலைப் பாக்காதையுங்கோ, செருப்பைப் பாருங்கோ" என்பாள்.

அவள் கொழும்பில் இருப்பது ஒரு கடிதத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. யுத்த காலம், யாழ்ப்பாணத்து அடையாள அட்டையோடு வந்திருப்பவர்கள் பொலிசில் பதிய வேண்டும். பதிகிற படிவத்தில், கொழும்பில் தங்கியிருப்பதற்குக் காரணம் என்ன என்று ஒரு கேள்வி உண்டு. உயிரோடு இருப்பதற்காக என்று எழுதினால் ஏற்கமாட்டார்கள். 'இவர் எமது நிறுவனத்தில் பணிபுரிகிறார்' என்று முதலாளி தியாகராசா வருடத்துக்கு ஒருமுறை கையெழுத்து வைத்துக் கொடுக்கிற கடிதம்தான் அவளுடைய காரணம். வேலை போனால் கடிதம் போகும். கடிதம் போனால், ஒழுங்கைக்குள் அவள் வாடகைக்கு இருந்த அறையும் போகும்.

தியாகராசா அரசாங்கத் திணைக்களம் ஒன்றில் தலைமை லிகிதராக இருந்து ஓய்வுபெற்றவர். இரகசியக் கோப்புகள் வைத்த அலுமாரிக்குப் பொறுப்பாக இருந்தவர். அந்தக் கோப்புகளுக்குள் இரகசியம் இருந்ததா என்று தெரியாது. அலுமாரிக்குச் சாவி இருந்தது. முப்பது வருடம் சாவி வைத்திருந்த மனிதனுக்கு, பூட்டியிருப்பதெல்லாம் பெறுமதியானவை என்ற எண்ணம் ஊறிப்போகும்.

இரண்டாயிரத்து ஆறு கடைசியில் திருமண சேவையில் எழுத்து வேலை பார்த்த லிகிதர் ஒருவர் வாடிக்கையாளர் விலாசங்களை ஒரு கொப்பியில் இறக்கிக்கொண்டு போய், தெகிவளையில் சொந்தமாகத் திருமண சேவை தொடங்கினார். தியாகராசா இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் கொம்பியூட்டர் வாங்கினார்.

வாடிக்கையாளர் விபரங்களை வைத்திருக்கிற சொஃப்ட்வெயாரைப் பொருத்த நுகேகொடையிலிருந்து இஸ்ஸதீன் வந்தான். அது குளிரூட்டி விற்கிற கம்பனி ஒன்றுக்காகச் செய்தது.

"பேரெல்லாம் மாத்திட்டன் சேர். உள்ளுக்கு ஒண்டு ரெண்டு பழசு ஈக்கும். கணக்கெடுக்க வாணாம்" என்றான்.

அந்த ஒன்றிரண்டு பழசு காரணமாக, பெண்ணை மாப்பிள்ளை வீட்டாருக்குப் பிடிக்கவில்லை என்றால் 'பொருள் திருப்பி அனுப்பப்பட்டது' என்று திரையில் வந்தது. அதைத் திருத்தவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

தியாகராசாவுக்கு அந்த சொஃப்ட்வெயாரில் மிகவும் பிடித்தது, யார் எதைப் பார்க்கலாம் என்று கட்டுப்படுத்துகிற பகுதி. ஒரு கிழமை யோசித்து அனுமதிகளைப் பங்கிட்டார். பாலேஸ்வரிக்கு இலக்கம், ஆணா பெண்ணா என்பது, பிறந்த நேரம், கிரகநிலை. அவ்வளவுதான். பெயர்கூட இல்லை. தொலைபேசி எடுக்கிற நஸீறாவுக்கு இலக்கம், தாய் தகப்பன் பெயர், தொலைபேசி எண். ஊர், சாதி, சீதனம், படம் எல்லாம் தனக்கு.

நஸீறா கொட்டாஞ்சேனைக்காரி, இருபத்தெட்டு வயது. யாழ்ப்பாணத்து ஊர்களில் எது மேலே, எது கீழே என்று ஒரு முஸ்லிம் பெண்ணுக்குத் தெரியாது, ஆகவே அவளால் ஆபத்தில்லை என்று நம்பித்தான் தியாகராசா அவளை வேலைக்கு வைத்தார். தொலைபேசியில் பேசுகிறவர்கள் முதல் மூன்று நிமிடத்துக்குள் ஊர், சாதி, மைத்துனனின் குடிப்பழக்கம் எல்லாவற்றையும் தாங்களாகவே சொல்லிவிடுவார்கள் என்பது அவருக்குத் தெரியாது. அவர் தொலைபேசி எடுப்பதில்லை.

கடைசியாக அவர் ஒரு புதுமை செய்தார். பதிவுப் படிவத்தில், 'உங்கள் விபரத்தை யாருக்குக் காட்டக்கூடாது?' என்று ஒரு கேள்வி சேர்த்தார்.

இஸ்ஸதீன் தலையைச் சொறிந்தான். "ஆருக்குக் காட்டலாம் எண்டுதான் கேக்கிற வழமை சேர்."

"எங்கட சனத்தை உமக்குத் தெரியாது" என்றார் தியாகராசா.

தியாகராசாவுக்கும் தெரியாது என்பது மூன்று மாதத்தில் வெளிச்சமாயிற்று. பங்குனியில் ஒரு பொருத்தமும் வரவில்லை. சித்திரையிலும் இல்லை. நானூறு பேருக்கு மேல் பதிந்திருக்க, எந்த இலக்கத்தைக் கொடுத்தாலும் திரையில் ஒரு பூச்சியம் வந்து நின்றது. வைகாசிக் கடைசியில், வெள்ளவத்தை விடுதிகளில் தங்கியிருந்தவர்களை விடியற்புறம் எழுப்பி, காரணம் போதாது என்று பஸ்களில் ஏற்றி வடக்கே அனுப்பினார்கள். அன்று காலை பாலேஸ்வரி கடிதத்தைக் கைப்பையிலிருந்து எடுத்து, பொலித்தீன் உறையில் போட்டு, சட்டைக்குள் வைத்துக்கொண்டு வேலைக்கு வந்தாள்.

அதே கிழமை தியாகராசா அவளைக் கூப்பிட்டார்.

"ஆடி பிறந்தால் ஒருத்தரும் கலியாணம் பேசாயினம். ஆனி முடியுமட்டும் பாப்பன். அதுக்குள்ள ஒண்டாவது சரிவராட்டி ஆளைக் குறைக்கவேணும். குறிப்புப் பொருத்திறதை இப்ப மெசினே செய்யுது."

"மெசின் ஒண்டும் பொருத்தேல்லையே, சேர்."

"மெசினில பிழை இராது."

பூச்சியம் ஏன் வருகிறது என்பதற்கு விடை அன்று மத்தியானமே கிடைத்தது. பின்னறையில் சோற்றுப் பார்சலை அவிழ்த்தபடி நஸீறா சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஒங்கட ஆக்கள் சரியான ஆக்கள் அக்கா. எடுக்கிற எல்லாரும் ஒரே கதை. 'பிள்ளை, எங்கட ஊராக்களுக்கு மட்டும் காட்டிப்போடாதையுங்கோ, குழப்பிப்போடுவாங்கள்.' சரி எண்டு ஃபோன வெக்கப் போனா, 'ஆனா பிள்ளை, எங்கட ஊர்ப்பக்கமா இருந்தாத்தான் செய்வம்.'"

பாலேஸ்வரி சோற்றைப் பாதியில் விட்டுக் கையைக் கழுவினாள்.

பழைய கோப்புக் காலத்திலும் இதே வாசகத்தை அவள் ஆயிரம் தடவை கேட்டிருக்கிறாள். "ஓம் ஓம், காட்டமாட்டன்" என்று சொல்லுவாள். பிறகு காலம் நேரம் பார்த்து ஊராளுக்குத்தான் முதலில் காட்டுவாள். அவர்களும் அதைத்தான் எதிர்பார்த்தார்கள். சொல்லுகிறவர், கேட்கிறவர் இருவருக்கும் பொய்யென்று தெரிந்த ஒரு வாக்குறுதி, அது மரியாதைக்காகக் கொடுத்து வாங்கப்படுவது. உலகத்தில் பாதி அலுவல் இப்படித்தான் நடக்கிறது. மெசினுக்கு அந்த மரியாதை தெரியாது. அது வாக்கைக் காப்பாற்றிவிட்டது. ஊருக்குள் தேடு, ஊருக்குக் காட்டாதே என்று நானூறு குடும்பமும் சொல்லியிருக்க, அது நேர்மையாகப் பூச்சியம் காட்டியது.

பின்னேரம் அவள் போய்த் தியாகராசாவிடம் சொன்னாள்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "ஊர்ப் பகுதியைப் பாக்க உமக்கு அனுமதி இல்லையே."

"இல்லை, சேர்."

"அப்ப ஆர் எந்த ஊருக்குக் காட்டவேண்டாம் எண்டது உமக்கு எப்பிடித் தெரியும்? ஒண்டில் களவாப் பாத்திருக்கிறீர். இல்லாட்டி இட்டுக்கட்டிறீர். ரெண்டில எது?"

தர்க்கத்தில் இதற்குப் பிழை சொல்ல முடியாது. தர்க்கத்தில் பிழை சொல்ல முடியாத விஷயங்களாலேயே பல அலுவலகங்கள் மூடப்பட்டிருக்கின்றன. நஸீறாவின் பெயரைச் சொன்னால் அவள் வேலையும் போகும். "நான் சும்மா யோசிச்சனான், சேர்" என்றாள்.

"யோசிக்கிறதுக்கு உம்மை வைக்கேல்லை" என்றார் தியாகராசா. அதில் கோபம் இல்லை. தகவல் சொல்வதுபோலத்தான் சொன்னார்.

ஆனி பிறந்து பத்து நாளாயிற்று. பாலேஸ்வரி மெசினிடம் பொருத்தம் கேட்பதை விட்டுவிட்டு, தனக்குக் காட்டப்பட்ட கிரகநிலைகளை மட்டும் ஒவ்வொன்றாகத் திறந்து, பழையபடி தாளில் கட்டம் கீறிப் பார்த்தாள். இருநூற்றுப் பன்னிரண்டு ஒரு பெண். முந்நூற்று நாற்பத்தேழு ஒரு ஆண். பத்தில் எட்டுப் பொருத்தம், இரண்டு பேருக்கும் செவ்வாய். இப்படி ஒன்று ஆறு மாதத்துக்கு ஒருமுறைதான் வரும். அவர்கள் யார், எந்த ஊர், கறுப்பா சிவப்பா, ஒன்றும் அவளுக்குத் தெரியாது.

"நஸீறா, மூண்டு நாலு ஏழுக்கு நீர் எடுத்துக் கதைக்கலாம்தானே?"

"கதைக்கேலும். அதுக்குத்தானே சம்பளம்."

முந்நூற்று நாற்பத்தேழு, கொட்டாஞ்சேனையில் இருந்த மிஸிஸ் சிவானந்தன். மகன் டொரொண்டோவில். நஸீறா ஒலிபெருக்கியைப் போட்டாள்.

"நல்ல குறிப்பொண்டு வந்தீக்கி அம்மா. வெள்ளிக்கிழமை கோயில்ல புள்ளயப் பாக்கேலுமா?"

"எந்த ஊர்?"

"எனக்குத் தெரியா அம்மா."

"குறிப்புப் பாக்கிற பிள்ளைக்குத் தெரியுமே?"

"அவங்களுக்குப் பேரே தெரியா. இங்க இப்ப ஆருக்கும் ஆரையும் தெரியா."

"அப்ப எங்கடையும் ஒருத்தருக்கும் தெரியாது, என்ன?"

"தெரியா அம்மா."

"நல்லது பிள்ளை. அப்ப வாறம்."

இருநூற்றுப் பன்னிரண்டு, பாமன்கடையில் மகளோடு இருந்த நாகேந்திரம், ஓய்வுபெற்ற தபாலதிபர். அவரும் அதே கேள்விகளைக் கேட்டார், அதே பதிலில் திருப்திப்பட்டார். தாங்கள் யாரென்று தெரியாத ஓர் இடத்தில் சனத்துக்கு வருகிற நம்பிக்கை, தெரிந்த இடத்தில் வருவதில்லை.

வெள்ளிக்கிழமை பின்னேரம் கோயிலில் பாலேஸ்வரி கும்பிட்டு வெளிவீதி சுற்றி முடித்தவள்போல நின்றாள். பொம்பிளை பார்க்க வந்த தாயும், பொம்பிளையோடு வந்த தகப்பனும் தேர்முட்டிக்குப் பக்கத்தில் நேருக்கு நேர் சந்தித்தார்கள். இரண்டு பேரும் நின்ற இடத்திலேயே நின்றார்கள்.

"நாகேந்திரம் அண்ணையோ" என்றாள் மிஸிஸ் சிவானந்தன்.

"ஓம். உங்களுக்குத்தான் காட்டக்கூடாதெண்டு எழுதிக் குடுத்தனான்."

"நானும்தான். பேரே எழுதிக் குடுத்தனான்."

ஊரில் இருவர் காணிக்கும் இடையில் ஒரு வேலி. அதை யாரோ ஒரு முழம் தள்ளிப்போட்டார்கள். யார் தள்ளியது என்று வழக்கு நடந்தது. தொண்ணூறாம் ஆண்டு ஊரே இடம்பெயர, அந்தப் பகுதி முழுவதும் இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போய்விட்டது. பதினேழு வருடமாக வேலி இருக்கிற திசைக்குப் போகக்கூட இருவருக்கும் அனுமதி இல்லை. வேலி நிற்கிறதா என்பதுகூடத் தெரியாது. கோபம் மட்டும் பத்திரமாக நின்றது.

பாலேஸ்வரி சட்டைக்குள் இருந்த பொலித்தீன் உறையைத் தொட்டுப் பார்த்தாள். இவர்கள் திரும்பிப் போனால் ஆனியும் போகும். அவள் முன்னால் வந்தாள்.

"ஐயா, ரெண்டு காணியும் ஒரு குடும்பத்துக்குப் போனா வேலி எந்தப் பக்கம் நிண்டால் என்ன?"

"இது ஆர்?" என்றார் நாகேந்திரம்.

"குறிப்புப் பாத்தவள். உங்கட பேரை இப்பதான் கேள்விப்படுறன்."

"பேர் தெரியாமலோ பொருத்தினீர்?"

"பேர் தெரிஞ்சிருந்தால் பொருத்தியிருக்கமாட்டன்."

மிஸிஸ் சிவானந்தனுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு, "அண்ணை, வேலியைத் தள்ளினது எங்கட ஆக்கள் இல்லை" என்றாள்.

"நாங்களுமில்லை."

"சரி, கறையான் தள்ளியிருக்கும். பிள்ளை எங்க?"

பெண் சற்றுத் தள்ளி நின்று கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேலி விஷயம் அவளுக்குத் தெரியாது. ஊரைவிட்டு வந்தபோது அவளுக்கு எட்டு வயது.

ஆனி முடிய நான்கு நாள் இருக்க, நாகேந்திரம் கற்கண்டும் வெற்றிலையும் கொண்டு மேல்மாடி ஏறி வந்து தியாகராசாவுக்கு நன்றி சொன்னார். தியாகராசா இரண்டு இலக்கங்களையும் திரையில் திறந்தார். இரண்டிலும் மற்றவர் பெயரோடு 'காட்டக்கூடாது' என்று சிவப்பில் நின்றது. அவர் கற்கண்டைத் தொடாமல் இஸ்ஸதீனைக் கூப்பிட்டார்.

யார், எத்தனை மணிக்கு, எதைத் திறந்தார்கள் என்று அந்த சொஃப்ட்வெயார் ஒவ்வொன்றையும் பதிந்துவைத்திருந்தது. இஸ்ஸதீன் ஒரு மணித்தியாலம் தேடினான்.

"ஒண்டுமில்ல சேர். குறிப்புப் பாக்கிறவங்க கிரகநிலை மட்டும் தெறந்தீக்கிறாங்க. ஃபோன் எடுக்கிறவங்க நம்பர் மட்டும். ரெண்டுபேரும் அனுமதிச்சதத்தான் பாத்தீக்கிறாங்க."

"அப்ப எப்பிடி நடந்தது?"

"அது இதுக்குள்ள இல்ல சேர்."

தியாகராசா பாலேஸ்வரியைக் கூப்பிட்டார். மெசினுக்குள் இருப்பதை அவர் பூட்டலாம். அதற்கு வெளியே அவளிடம் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று அவருக்கு அளவு தெரியவில்லை. அப்படிப்பட்ட ஆளை வெளியே விட்டால் அடுத்த மாதம் தெகிவளைத் திருமண சேவையில் ஒரு கதிரையில் இருப்பாள். நன்றி என்பது அவருக்கு வரவில்லை, பயம் வந்தது. பல முதலாளிகளிடம் இரண்டும் ஒரே வேலையைச் செய்யும்.

"கடிதம் முடியுதெல்லே?" என்றார்.

"இந்த மாதத்தோட, சேர்."

"மூண்டு மாதத்துக்குத் தாறன். பிறகு பாப்பம். எதுக்கும் ஒரு முடிவுத் திகதி வைக்கிறது நல்லம்."

அவள் கடிதத்தை வாங்கி, எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பார்த்து, உறைக்குள் வைத்தாள். பொலிசில் பதிகிற சார்ஜன்ட் வேலை என்னவென்று சிங்களத்தில் கேட்டார். கலியாணம் பேசுகிற இடம் என்றாள். அவர் தன் தங்கைக்கு இன்னும் ஒன்றும் சரிவரவில்லை என்று சொல்லிக்கொண்டே முத்திரை குத்தினார்.

யுத்தம் முடியும்வரை தியாகராசா மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவளுக்குக் கடிதம் கொடுத்தார். மெசினில் ஒரு அனுமதியையும் அவர் கூட்டவில்லை. பின்னறையில் மத்தியானச் சாப்பாடு முன்னையைவிட நீண்டது. எட்டாவது கடிதத்தைப் பாலேஸ்வரியே தட்டச்சில் அடித்துக்கொண்டு போனாள். தியாகராசா கண்ணாடியைத் தேடாமல் கையெழுத்து வைத்தார். எத்தனை மாதத்துக்கு என்று எழுதவேண்டிய இடத்தில் அவள் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.