அக்காவின் செல்போனில் என் படங்கள்

போன ஆடி மாதம் மேச்சேரிக்குப் பக்கத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். பட்டியைத் திறந்து ஆடுகளை வெளியே விட்டுக்கொண்டிருந்தவள் என்னைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "காலுப் புண்ணு ஆறிருச்சா சாமி?"

புண்ணைப் பற்றி நான் அவளிடம் மூச்சு விட்டதில்லை. நாமக்கல் பக்கம் ஒரு கோழிப்பண்ணையில் சூப்பர்வைசராக இருக்கிறேன், தங்க அறை கொடுத்திருக்கிறார்கள் என்றுதான் சொல்லியிருந்தேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். போர்வெல் வண்டியில் வடக்கே சுற்றினேன். முட்டை லாரியில் சுமை ஏற்றும் கூலியாளாக இருந்தேன். மேட்டூர் அணையில் மீன் கூடை சுமந்தேன். எங்கேயும் கால் தரிக்கவில்லை. பண்ணையில் என் வேலை கூண்டுகளுக்கு அடியில் சேரும் எருவை அள்ளுவது. படுக்கை தீவன மூட்டைகளின் மேல். இதில் எனக்குப் பெரிய வருத்தம் கிடையாது. அக்காவுக்குத் தெரியாமல் இருந்தால் போதும் என்றிருந்தேன்.

"உங்களுக்கு யாருங்க்கா சொன்னது?"

"செல்லுல வருதே," என்று தன் போனை நீட்டினாள்.

எல்லாம் இருந்தது. மருந்துக்கடையில் காட்டுவதற்காக எடுத்த புண். வெறும் சோறும் பச்சைமிளகாயும். கொட்டகையில் கண்ணாடி இல்லாததால், மண்வெட்டியும் கையுமாக முகம் பார்க்க எடுத்து, அழிக்காமல் விட்ட படங்கள். கோயில் அன்னதான வரிசையில் தட்டோடு நிற்கும்போது கூட வந்தவன் என் போனை வாங்கி விளையாட்டாக எடுத்த ஒன்று.

அக்காவுக்கு அந்தப் போனைச் சேலத்தில் வாங்கிக் கொடுத்தவன் நானேதான். கடையில் மெயில் ஐடி கேட்டார்கள். அவளுக்கு ஏது? என்னுடையதையே போடச் சொன்னேன். ரேஷன் கார்டு போல அதுவும் குடும்பத்துக்கு ஒன்று போதும் என்பது என் எண்ணம். எங்கள் பக்கம் பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். அன்று முதல் நான் எடுத்த ஒவ்வொரு படமும் அந்த ஐடியைக் கொடுத்த, எங்கோ இருக்கும் பெரிய கம்பெனிக்குப் போய், அங்கிருந்து அக்காவின் கைக்கு வந்திருக்கிறது.

"ஒரு வார்த்த கேட்டிருக்கலாமில்லீங்க?"

"நீ நல்லா இருக்கறன்னு சொல்லீட்டிருந்த. செரி, சொல்லட்டும்னு உட்டுட்டேன். சூப்பர்வைசரு என்னமோ மம்பட்டியோட நிக்கறாரேன்னு நெனச்சுக்குவேன்."

அவள் சிரித்தாள். எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. கறி எடுக்கப் போகிறேன், இருந்து சாப்பிட்டுவிட்டுப் போ என்றாள். வேலை இருக்கிறது என்று பொய் சொல்லிவிட்டு மத்தியான பஸ்ஸைப் பிடித்தேன்.

வெட்கத்தைக் கோபமாக்கிக்கொள்வது எனக்கு எப்போதுமே சுலபம். கம்பெனி திருடிவிட்டது என்று பார்க்கிறவர்களிடம் எல்லாம் பேசினேன். ஆளை வேவு பார்க்காத மென்பொருளைப் போனில் போட்டுத் தருகிற ஒருவர் அயோத்தியாப்பட்டணத்தில் கடை வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். என் புலம்பலைக் கேட்டுவிட்டு அவர், "அவங்க கேட்டுட்டுத்தாங்க எடுத்திருக்காங்க. நீங்க படிக்காம சரின்னு அமுக்கிட்டீங்க," என்றார்.

போனில் இருந்ததை எல்லாம் சுத்தமாகத் துடைத்து வேறொரு இயங்குதளம் போட்டார். நாம் போகிற இடத்தை யாருக்கும் சொல்லாத வரைபடச் செயலி. செய்தியும் படமும் அனுப்ப, விளம்பரமில்லாத ஒரு தூது செயலி. பழைய ஐடியை அடியோடு அழித்துவிடலாமா, அதில் வேறு யாருடைய பொருளாவது இருக்கிறதா என்று கேட்டார். இல்லை, அழியுங்கள் என்றேன். நிமிர்ந்து நடந்து வெளியே வந்தேன். பிறகு சில வாரம் பண்ணையில் எருக் கூடையோடு நின்றுகொண்டு மற்றவர்களுக்கு அந்தரங்கம் பற்றிப் பாடம் நடத்தினேன். "முட்டையக்கூட ஒளிஞ்சுக்கிட்டுத்தான் எண்ணோணுமா?" என்று ஒருவர் கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள்.

ஒருநாள் அக்கா போனில் கூப்பிட்டாள். "போட்டோ வரலயே சாமி. செல்லு கெட்டுப்போச்சா?"

"நிறுத்தீட்டனுங்க்கா. கம்பெனிக்காரன் பாக்கறான்."

அவள் பக்கத்தில் ஆடு கத்துவது கேட்டது. "பட்டி தொறக்கறதுக்கு முன்னால ஒருக்காப் பாத்துக்குவேன். புதுசா ஒண்ணு வந்திருந்தா, செரி, உசுரோட இருக்கறான்னு ஆட்டை ஓட்டீட்டுப் போவேன்." பிறகு, "என் ஆட்டுக்குட்டிங்க போட்டோவும் காணல. அது கெடக்குது," என்றாள்.

அந்த ஐடியில் அவளுடைய படங்களும் இருந்திருக்கின்றன. கடைக்காரர் கேட்டபோது எனக்கு அது தோன்றவே இல்லை. என் மானம் மட்டும்தான் தோன்றியது.

அடுத்த வாரமே மேச்சேரிக்குப் போய் அவள் போனிலும் அந்தத் தூது செயலியைப் போட்டுக் கொடுத்தேன். பழைய கம்பெனிக்குத் திரும்ப எனக்கு மனமில்லை. அது இன்றும் சரியென்றே நினைக்கிறேன்.

"இதுல தானா வருமா?" என்று கேட்டாள்.

"வராதுங்க்கா. நான் அனுப்புனாத்தான் வரும்."

"அப்ப வராது," என்றாள், பருத்திக்கொட்டை ஊறிய வாளியைத் தூக்கிக்கொண்டே.

அவள் சொன்னது சரியாக இருந்தது. கேட்காமல் போய்க்கொண்டிருந்த படங்களை நானாக எடுத்து அனுப்பக் கை வரவில்லை. கடைசியில் ஒருநாள் குளித்து, துவைத்த சட்டை போட்டு, முதலாளி வீட்டுக் கேட்டுக்கு முன்னால் நின்று எடுத்து அனுப்பினேன். உடனே குரல் பதிவாகப் பதில் வந்தது. "யாரூட்டு முன்னால சாமி நிக்கற?"

போனை மூட்டைக்கு அடியில் சொருகிவிட்டு எரு அள்ளப் போய்விட்டேன். மத்தியானம் திரும்பி வந்தேன். கழுவாத கால், சாக்கு விரித்த தீவன மூட்டைகள், கொடியில் லுங்கி, மூலையில் மண்வெட்டி, எல்லாம் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்தேன். அழிக்கப் போன விரலை இழுத்துக்கொண்டு அனுப்பினேன். இந்தத் தடவை யாரும் என்னிடமிருந்து எடுக்கவில்லை. நானே கொடுக்க வேண்டியிருந்தது.

அவள் பதில் சாயங்காலம்தான் வந்தது. ஆடு அடைத்துவிட்டுப் பார்த்திருப்பாள்.

"காலு ஆறிருச்சாட்டம் இருக்குது. அந்தச் சாக்கு ஈரமா இருக்குது பாரு, வெயில்ல போடு."

எடுத்துப் போய் வெயில் மிச்சமிருந்த இடத்தில் போட்டேன்.