முட்டிக்குக் கீழே ஒரு மெதுவான பந்து

கேட்சர் வேலை என்பது உட்கார்ந்தபடியே களைத்துப்போகிற வேலை. பந்து வீசுகிறவளை எல்லோரும் பார்ப்பார்கள். அடிக்கிறவளைப் படம் எடுப்பார்கள். அவளுக்குப் பின்னால் முகமூடி மாட்டிக்கொண்டு குந்தியிருப்பவளை, பந்தைக் கோட்டை விட்டால் மட்டும்தான் திரும்பிப் பார்ப்பார்கள். குந்தியும் எழுந்தும் முட்டி தேய்ந்துபோன சகோதரிகளே, நான் சொல்லப்போவது உங்களுக்குப் புரியும்.

எனக்கு நாற்பத்து மூன்று வயது. சுங்கை பட்டாணியில் ஓர் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் வேலை. அதன் பெண்கள் சாப்ட்பால் குழுவில் பதினாறு வருடமாக நான்தான் கேட்சர். எங்கள் பிட்சர், அதாவது பந்து வீசுகிறவள், லோகேஸ்வரி. கோலா கெத்தில் ஊருக்குப் பக்கத்துத் தோட்டத்துப் பெண். கையைக் காற்றாடிபோல் ஒரு சுற்றுச் சுற்றி இடுப்போரமாக அவள் விடும் பந்து, போன வருடம்வரை பேட்டர்களின் கண்ணுக்கே தெரியாது. பிறகு தோள்பட்டை மக்கர் செய்தது. வேகத்தைக் குறைக்கச் சொல்லிவிட்டார் டாக்டர்.

வேகம் போன பிட்சருக்கு மிச்சமிருப்பது சேஞ்ச்-அப். அதே சுற்று, அதே ஆவேசம், ஆனால் பந்து மட்டும் மெதுவாக வரும். வேகப்பந்து என்று நம்பிய பேட்டர் முன்கூட்டியே மட்டையைச் சுழற்றிவிடுவாள். பந்து அப்புறம் சாவகாசமாக வந்து சேரும். எல்லாம் சரி, அந்தப் பந்தை எங்கே போடுவது? இந்த ஒரு கேள்விதான் இந்தப் பருவம் முழுக்க என் உயிரை வாங்கியது. லீக்கில் கடைசி இடம் வந்தால் அடுத்த வருடம் குழுவே கிடையாது என்று நிர்வாகம் வேறு சொல்லியிருந்தது.

இடுப்பு உயரம்

முதல் ஆட்டம் மெர்போக்கில், ஒரு கையுறைத் தொழிற்சாலைக் குழுவோடு. அவர்களில் சரோஜா என்று ஒருத்தி. தொழிற்சாலை வேன் ஓட்டுகிறவள், ஸ்டியரிங் பிடித்து உரமேறிய கை. லோகேஸ் இரண்டு வேகப்பந்து போட்டாள். மூன்றாவதுக்கு நான் சேஞ்ச்-அப் சைகை காட்டினேன். பந்து மெதுவாகத்தான் வந்தது, ஆனால் இடுப்பு உயரத்தில் வந்தது. சரோஜா ஏமாந்துதான் போனாள். முன்காலை ஊன்றிவிட்டாள். இருந்தும் பந்து அவ்வளவு வசதியான உயரத்தில் வந்ததால், கையை மட்டும் ஒரு கணம் நிறுத்திவைத்து ஓங்கி அடித்தாள். பந்து திடலைத் தாண்டி ரப்பர் மரங்களுக்குள் போனது.

நாலு தளத்தையும் சுற்றிக்கொண்டு நடந்தே வந்தவள், புறப்பட்ட இடமான ஹோம் பிளேட்டை மிதித்துவிட்டு என் பக்கம் குனிந்து அன்பாகச் சொன்னாள்: “ரொம்ப தேங்ஸ்லா அக்கா. எங்க வீட்டுலகூட யாரும் எனக்கு இவ்வளவு நிதானமா பரிமாறினது இல்ல.”

ஒன்பதாவது ஆள்

அடுத்த ஆட்டத்தில் தவறு முழுக்க என்னுடையது. எதிரணியின் ஒன்பதாவது பேட்டர் ஒரு சின்னப் பெண். லோகேஸின் குறைந்த வேகத்துக்கே அவளால் ஈடுகொடுக்க முடியவில்லை. பந்து என் கையுறைக்குள் வந்து விழுந்த பிறகுதான் மட்டையைச் சுற்றினாள். இன்னொரு வேகப்பந்து போட்டால் முடிந்தது கதை. நானோ பெரிய கெட்டிக்காரியாக சேஞ்ச்-அப் கேட்டேன். தாமதமாகச் சுற்றிய மட்டையும் தாமதமாக வந்த பந்தும் ஓரிடத்தில் சந்தித்துக்கொண்டன. இரண்டு பேர் ஓடி வந்து ஓட்டம் எடுத்தார்கள். நாங்கள் தோற்றோம்.

எங்கள் கோச் கபூர் அண்ணன் ஸ்டோரில் வேலை செய்கிறவர். கோபம் வந்தால் அவர் குரல் இன்னும் தணிந்துவிடும். பக்கத்தில் வந்து உட்கார்ந்து தண்ணீர் போத்தலை நீட்டினார். “ஏம்மா, அந்தப் பிள்ள பஸ்ஸ விட்டுட்டு ரோட்டுல நின்னுச்சு. நீ ரிவர்ஸ்ல வந்து ஏத்திக்கிட்டுப் போயிருக்க.”

ராஃபியா கயிறு

சிடாம் கிரியில் ஒரு பள்ளித் திடலில் ஞாயிறு காலைகளில் பயிற்சி. கபூர் அண்ணன் இரண்டு கழிகளை நட்டு, முட்டி உயரத்தில் ராஃபியா என்கிற சிவப்பு பிளாஸ்டிக் கயிறு கட்டினார். கயிற்றுக்குப் பின்னால் ஒரு பழைய லாரி டயர். சேஞ்ச்-அப் கயிற்றுக்குக் கீழே நுழைய வேண்டும், அதுவும் பேட்டரைவிட்டு விலகிய ஓரமாக. அவள் எட்டிக் குனிந்து அடித்தாலும் தரையில் உருளுமே தவிர மேலே எழும்பாது. இன்னும் கீழே போய் மண்ணில் விழுந்தால் பரவாயில்லை. இடுப்புக்கு மட்டும் வரக்கூடாது.

லோகேஸ் போட்டாள். கயிற்றின் அடியில், ஓரமாக, அளந்து வைத்ததுபோல் ஒன்றன்பின் ஒன்றாக டயரில் போய் அடித்தது. எனக்கே கண் கலங்கிவிட்டது. சரி என்று டயரை நகர்த்திவிட்டு நான் குந்தினேன். முதல் பந்து கயிற்றுக்கு மேலே. அடுத்ததும் மேலே. பத்துப் பந்தும் மேலேதான். மறுபடி டயரை வைத்தோம், மறுபடி கீழே. வெயில் ஏறிவிட்டது. கபூர் அண்ணன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். “கலா, நீ கொஞ்சம் டயர் மாதிரி உட்காரேம்மா.”

பெருவிரல்

அன்று லோகேஸை என் காரில் வீட்டுக்கு ஏற்றிப்போனேன். கோலா கெத்தில் முச்சந்திக் கடையில் டீ குடிக்க நிறுத்தினோம். “டயருக்கு நல்லா போடுற, எனக்கு மட்டும் ஏன்டி இப்படி?” என்று கேட்டேன். டீயை ஆற்றிக்கொண்டே இருந்தாள். பிறகு அவள் பார்வை என் வலது கைப் பெருவிரலுக்குப் போனது.

போன வருடம் அவள் போட்ட ஒரு சேஞ்ச்-அப் எனக்கு முன்னால் மண்ணில் விழுந்து எகிறியது. தடுக்கப் போன என் வலது கைப் பெருவிரல் எலும்பு முறிந்தது. கட்டைப் பிரித்த பிறகும் விரல் பழையபடி மடங்கவில்லை. நான் தொழிற்சாலையில் மைக்ரோஸ்கோப் அடியில் இடுக்கி பிடித்துப் பாகங்களைச் சோதிக்கிறவளாக இருந்தேன். இடுக்கி பிடிக்காத விரலுக்கு அங்கே வேலை இல்லை. பேக்கிங் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். ஏசி குளிரிலிருந்து பெட்டி தூக்கும் இடத்துக்கு வந்ததைப் பற்றி நான் அவளிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசாமல் இருப்பது பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் அதை எப்படி எடுத்துக்கொண்டாள் என்று யோசித்ததே இல்லை.

“விளையாட்டுன்னா அடி படும். அதுக்காக நீ மேட்ச்ச விட்டுக்குடுப்பியா?” என்று சத்தம் போட்டேன். பக்கத்து மேசையில் திரும்பிப் பார்த்தார்கள். லோகேஸ் என்னைப் பார்க்காமல் சொன்னாள்: “டயருக்கு வேலை போகாதுக்கா.”

என் கணவரின் கைப்பேசி

என் கணவருக்கு சாப்ட்பால் பிடிக்காது. ஆனாலும் ஆட்டத்துக்கு வந்து ஓரமாக நின்று வீடியோ எடுப்பார். வீட்டில் லோகேஸைப் பற்றி நான் புலம்பிக்கொண்டிருந்தேன். அவள் பயம் அவளைக் கெடுக்கிறது, என்னைக் கெடுக்கிறது, குழுவைக் கெடுக்கிறது என்று ஒரே புராணம். அவர் கைப்பேசியை என் முன்னால் வைத்து ஓட்டிக் காட்டினார்.

வேகப்பந்து வரும்போது என் கையுறை முட்டியருகே இருந்தது. சேஞ்ச்-அப் சைகை காட்டியதும் மெல்ல மேலே ஏறியது. ஒவ்வொரு தடவையும் அப்படித்தான். தரையில் விழும் பந்தை என் கை விரும்பவில்லை, அதனால் என்னைக் கேட்காமலே அது வசதியான இடத்துக்குப் போய் நின்றுகொண்டது. இடுப்பு உயரத்துக்கு. பார்க்க வெட்கமாக இருந்தது. நாலு தடவை பார்த்தேன். அவர் கைப்பேசியைத் திரும்ப எடுத்துக்கொண்டு சொன்னார்: “அந்தப் பிள்ள ஒழுங்காத்தான் போடுது. நீ காட்டுற எடத்துலதான் போடுது.”

மண்

கடைசி ஆட்டம் மறுபடி அந்தக் கையுறைக்காரர்களோடு. தோற்றவர்களுக்குக் கடைசி இடம். ஆட்டத்துக்கு முன்னால் லோகேஸிடம் வீடியோ விஷயத்தைச் சொல்லிவிட்டேன். அவள் சிரிக்கவில்லை, தலையை மட்டும் ஆட்டினாள்.

கடைசிச் சுற்று. நாங்கள் ஒரு ஓட்டம் முன்னால். இரண்டு பேர் அவுட், மூன்று தளத்திலும் ஆட்கள், அடிக்க நிற்பவள் சரோஜா. அடிக்கத் தவறி இரண்டு ஸ்டிரைக் வாங்கிவிட்டாள், மூன்றாவது விழுந்தால் அவுட். நான் சேஞ்ச்-அப் சைகை காட்டிவிட்டு, கையுறையை வெளி ஓரத்தில் தரையிலேயே வைத்தேன். லோகேஸ் மாட்டேன் என்று தலையசைத்தாள். கையுறையால் மண்ணை இரண்டு தட்டுத் தட்டினேன். அவள் காலை மாற்றி ஊன்றினாள். பிறகு கையைச் சுற்றினாள்.

சரோஜா மட்டையைச் சுழற்றி முடித்த பிறகுதான் பந்து வந்தது. பிளேட்டுக்கு முன்னால் மண்ணில் குத்தி என் நெஞ்சில் மோதி எங்கோ போனது. இரண்டு பேர் அவுட்டான நிலையில், மூன்றாவது ஸ்டிரைக்கை கேட்சர் பிடிக்காமல் விட்டால் பேட்டர் ஓடலாம். எல்லோருமே ஓடத் தொடங்கினார்கள். மூன்றாம் தளத்துக்காரி வந்து சேர்வதற்குள் நான் பந்தை எடுத்து ஹோம் பிளேட்டைத் தொட்டுவிட்டால் போதும், ஆனால் பந்தைக் காணோம். “அக்கா, காலுக்கு அடியில! காலுக்கு அடியில!” என்று லோகேஸ் அலறினாள். வெறும் வலது கையால் அள்ளிக்கொண்டு பிளேட்டின் மேல் குப்புற விழுந்தேன். மூன்றாம் தளத்திலிருந்து வந்தவள் என் முதுகில் தடுக்கி விழுந்தாள். அம்பாயர் அவுட் என்று கையைத் தூக்கினார். குழு மொத்தமும் கத்திக்கொண்டு ஓடி வந்தது. லோகேஸ் மட்டும் கத்தவில்லை. மண்டியிட்டு உட்கார்ந்து என் வலது கையைப் பிடித்துப் பெருவிரலைத் தடவிப் பார்த்தாள். “மடக்குக்கா. ம்... நீட்டு. சரி, இப்ப கத்தலாம்.”

திங்கட்கிழமை

பேக்கிங் பிரிவில் என் சூப்பர்வைசர் ஒரு நல்ல மனிதர், ஆனால் விளையாட்டு தெரியாது. ஜெயித்தீர்களாமே, எத்தனையாவது இடம் என்று கேட்டார். கடைசிக்கு முந்தின இடம் என்றேன். நான் பெட்டியை வைத்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்வதை அவர் பார்த்தார். “அதுக்கா இப்படி நொண்டிக்கிட்டு வர்றீங்க?”

சேஞ்ச்-அப்பை எங்கே போடுவது என்று இனிமேல் யாராவது கேட்டால், அடிக்கிறவளுக்கு எட்டாத இடத்தில், பிடிக்கிறவளுக்கு வலிக்கிற இடத்தில் என்று சொல்லிவிட்டு நான் தைலம் தேய்க்கப் போய்விடுவேன்.