அண்ணன் தட்டினால் ஆமென்

என் அண்ணன் ஆப்ரி என்னைவிடப் பதினோரு மாதம் மூத்தவன். அந்தப் பதினோரு மாதத்துக்காக அப்பா அவனுக்கு விட்டுப்போனது நாற்பது அறை மாளிகை, ஏழு கிராமத்து நிலம், மான் காடு, ‘சர்’ பட்டம். இளையவனான எனக்குக் குடும்ப வழக்கப்படி ஊர்த் தேவாலயம். பாதிரியாராக இருந்து அவனுக்கே பிரசங்கம் செய்யலாம்.

தேவாலயத்துக்குள் எங்கள் குடும்பத்துக்கென்று மரத்தடுப்பு வைத்த தனி இடம் உண்டு. மெத்தை நாற்காலி, கணப்பு எல்லாம் உள்ளேயே. இங்கிலாந்தின் நார்ஃபோக் குளிரில் ஊர் நடுங்கும். அவன் காலை நீட்டிச் சூடு காய்வான். என் பேச்சு அலுத்துவிட்டால் தீ கிளறும் கம்பியால் கணப்பில் டங் டங்கென்று தட்டுவான். உடனே நான் ஆமென் சொல்லியாக வேண்டும். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு பிரசங்கத்தைக்கூட நான் முடித்ததில்லை.

“கோச்சுக்காதடா லயனல், வாத்துக்கறி ஆறிடும்ல!” என்பான் வாசலில்.

வயிறு எரியும். ஒரே ஆறுதல், அவன் மனைவி பிள்ளையில்லாமலே இறந்திருந்தாள். அவனுக்குப் பின் எல்லாம் எனக்குத்தான். என் மனைவி ஹெஸ்டர் அங்கே விருந்துக்குப் போனால் சன்னல்களை அளந்துவிட்டு வருவாள்.

“என்னங்க, அந்த நீலத் திரையைத்தான் மொதல்ல கழட்டணும்.”

“அவன் இன்னும் உயிரோட இருக்கான்டி.”

“இருக்கட்டுமே, யாரு வேணாங்கிறா?”

ஐம்பது வயதில் ஆப்ரி மறுமணம் செய்துகொண்டான். அடுத்த வருஷமே மகன், பியர்ஸ். ஞானஸ்நானம் கொடுத்தது நான்தான், சிரித்த முகத்தோடு. தண்ணீரை வெதுவெதுப்பாக்கச் சொல்லவில்லை. என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

ஐந்து வருஷம் கழித்து ஆப்ரி குதிரையிலிருந்து விழுந்து இறந்தான். அழுதேன், பொய்யில்லை. ஆனால் கல்லறையருகே நிற்கும்போதே மனம் சொன்னது: மாளிகை போனால் போகட்டும், இனிமேல் பிரசங்கமாவது என்னுடையது.

அடுத்த ஞாயிறு மேடையேறினேன். அரை மணி நேரம் தாண்டியது. எனக்கே என் குரல் பிடித்திருந்தது. கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன்.

டங். டங்.

கீழே, அண்ணனின் நாற்காலியில், கால் தரையில் எட்டாமல் சர் பியர்ஸ் உட்கார்ந்திருந்தான். இரண்டு கையிலும் கம்பி. பக்கத்தில் இருந்த அவன் அம்மா அதை வாங்கவில்லை.

“போதும் சித்தப்பா, பசிக்குது.”

ஊரே என்னைப் பார்த்தது.

“ஆமென்,” என்றேன்.