நாற்பதாம் சனலில் ஏறிய முள்

முதல் அன்ரெனாவை முறித்து அதாலேயே என் மனுசனை அடித்தார்கள். கார் இழுக்கும் லொறி ஓட்டுகிறவர்களுக்குள் அப்போது அப்படித்தான். நெடுஞ்சாலையில் எங்காவது கார்கள் மோதினால், எவனுடைய லொறி முதலில் போய் நிற்கிறதோ அவனுக்கே அந்தக் கார். இடத்தைச் சீபி றேடியோவில் பிடிப்பார்கள். பெரிய பாரவண்டிக்காரர் வழியில் கண்டதைத் தங்களுக்குள் மைக்கில் சொல்லிக்கொண்டு போவார்கள். அதை ஒட்டுக் கேட்டு, எந்த இறக்கத்தால் நெடுஞ்சாலையை விட்டு இறங்க வேண்டும், எந்தப் பக்கம் என்று திருப்பிக் கேட்டுவிட்டு இவர்கள் பறப்பார்கள். ஆகவே ஒருவனுடைய பிழைப்பைக் கெடுக்க வேண்டுமென்றால் அவனுடைய அன்ரெனாவை முறித்தால் போதும்.

அன்றைக்கு இரண்டு பேர். ஒருவன் இவரைப் பின்னால் பிடித்துக்கொள்ள, மற்றவன் கம்பியை முறித்து எடுத்து விளாசியிருக்கிறான். சட்டை கிழியவில்லை. சட்டைக்குள் தோல் கிழிந்திருந்தது. மருந்து பூசும்போது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"என்னடி, செத்தவீடோ?" என்று திரும்பினார். கை ஓங்கினால் அவர் சும்மா இறக்குகிற ஆள் இல்லை.

என் தம்பி அப்போது பார்க்டேலில் எங்களோடுதான் இருந்தான். ஹோலில் பாய் போட்டுப் படுப்பான். ஊரில் ஒரு றேடியோக் கடையில் வேலை பழகியவன். ஆமி ஒருமுறை பிடித்துக்கொண்டு போய், பிறகு விட்டது. அவனோடு பிடிபட்ட கூட்டாளி வீடு திரும்பவேயில்லை. அதற்குப் பிறகுதான் எப்படியோ கனடா வந்து சேர்ந்தான். அவனுடைய அகதி வழக்கு முடியாமல் கிடந்தது. ஒரு பொலிஸ் கேஸ் விழுந்தால் போதும், திருப்பி அனுப்பிப்போடுவார்கள் என்று எங்கள் கட்டடத்தில் எல்லாரும் சொன்னார்கள். அது மெய்யா பொய்யா என்று கேட்க எங்களுக்கு ஆரைத் தெரியும்? அனுப்பினால் அவன் உயிரோடு இருக்க மாட்டான். அதுமட்டும் எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

அத்தானின் முதுகைப் பார்த்துவிட்டு, "நான் வேற அன்ரெனா ஒண்டு பூட்டித் தாறன்" என்றான் தம்பி.

"ஒழுங்காப் பூட்டாட்டி உன்ர கையை முறிப்பன்" என்றார் அவர். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அவர் சிரித்துக்கொண்டு சொன்னதையும் செய்திருக்கிறார்.

பனி உருகிய பிறகு வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, கட்டடத்துக்குப் பின்னால் இருந்த பார்க்கிங்கில், சுவர் ஒன்றும் கிட்ட இல்லாத நடு இடமாகப் பார்த்து லொறியை நிறுத்தினார்கள். தம்பி கூரையில் அன்ரெனா இருக்கும் இடத்தில் பெயின்ரைச் சுரண்டி, வெறும் இரும்பு தெரியச் செய்தான். அன்ரெனாவின் அடி நல்ல இரும்பைத் தொடாவிட்டால் வேலை செய்யாதாம். புது உருக்குக் கம்பியை நிமிர்த்தி நட்டான். றேடியோவுக்கும் அன்ரெனா வயருக்கும் நடுவில் ஒரு சின்ன மீற்றரைக் கொழுவினான். அதன் முள் எவ்வளவு கீழே கிடக்கிறதோ அவ்வளவு தூரம் குரல் போகுமாம்.

உள்ளே இருந்து முள்ளைப் பார்க்க ஒரு ஆள் வேண்டும். இவருக்குப் பொறுமை கிடையாது. என்னைக் கூப்பிட்டான்.

"ஐயோ, எனக்கு அதில கதைக்கத் தெரியாது."

"கதைக்கவே வேண்டாம் அக்கா. மைக்கை அமத்திப் பிடிச்சுக்கொண்டு முள்ளு எதில நிக்குது எண்டு பார்த்துச் சொன்னால் காணும்."

கதைக்க வேண்டாம் என்றதும் ஏறினேன். கடையில்கூட விரலால் காட்டித்தான் சாமான் வாங்குகிறவள் நான்.

கதவை இறுக்கிச் சாத்தச் சொன்னான். கதவு திறந்திருந்தாலும், ஆட்கள் அன்ரெனாவுக்குக் கிட்ட நின்றாலும் முள் பொய் சொல்லுமாம். அவன் தள்ளிப்போய் நின்றான். முதலாம் சனலில் ஒருக்கால், நாற்பதாம் சனலில் ஒருக்கால் அமத்திப் பார்த்தேன். நாற்பதில் முள் கூடுதலாக ஏறியது.

"அப்ப கம்பி நீட்டுக் கூட" என்றான். சின்னத் திருகாணியைத் தளர்த்திக் கம்பியைக் கொஞ்சம் கீழே இறக்கினான். மறுபடி அமத்தினேன். இன்னும் இறக்கினான். கடைசியில் இரண்டு சனலிலும் முள் ஒரே இடத்தில், அடியோடு அடியாகக் கிடந்தது. அவன் தூரத்தில் நின்று கை தட்டினான். இவரும் லொறியைச் சுற்றி வந்து, "பரவாயில்லையடா, உனக்கும் மூளை கிடக்கு" என்றார்.

வெள்ளிக்கிழமை லொறிக்குப் பூசை. ஒரு ஐயரை வீட்டுக்குக் கூப்பிட்டு, தேசிக்காய் வைத்து, சக்கரம் ஏற்றி, எல்லாம் முறைப்படி. ஐயர் கண்ணூறு படாமலிருக்கச் செப்புத் தகடு ஒன்று செபித்துக் கொடுத்தார். அதை வண்டிக்குள் கண்ணாடியில் கட்டுவதுதான் வழக்கம். இவர் அப்படிச் செய்யவில்லை. அன்ரெனாவில்தானே அவங்களுக்குக் கண், அங்கேயே கட்டினால்தான் சரி என்று லொறி மேல் ஏறி, தகட்டைக் கம்பியின் நுனியில் நன்றாகச் சுருட்டி மஞ்சள் நூலால் இறுக்கிக் கட்டினார். தம்பி அப்போது வேலைக்குப் போயிருந்தான். எனக்கு அது பிழையாகப் படவில்லை. கும்பிட்டேன்.

திங்கட்கிழமை மத்தியானம் கதவை உதைத்துக்கொண்டு வந்தார். கையில் வீல் ஸ்பனர். காலையில் பெரிய மோதல் ஒன்று நடந்ததாம். எந்த இறக்கம் என்று மைக்கில் கத்திக் கத்திக் கேட்டாராம். ஒருவனுக்கும் இவர் குரல் போய்ச் சேரவில்லை. பிழையான இறக்கத்தில் இறங்கித் திரும்பிப் போய்ச் சேர, முன்பு அடித்த அதே இரண்டு பேரும் காரைக் கொழுவிக்கொண்டு நின்று இவரைப் பார்த்துக் கை காட்டிச் சிரித்திருக்கிறார்கள்.

தம்பி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். தலைமயிரில் பிடித்துத் தூக்கினார். கோப்பை சுவரில் போய் உடைந்தது.

"எவ்வளவு தந்தவங்கள் உனக்கு? சொல்லடா!"

"ஆர் அத்தான்? என்ன சொல்லுறியள்?"

"என்ர சோத்தைத் திண்டுகொண்டு என்ர அன்ரெனாவில கை வைக்கிறாய் என்ன?"

படிக்கட்டால் இழுத்துக்கொண்டே இறக்கினார். நான் பின்னால் ஓடினேன். பார்க்கிங்கில் வைத்து முகத்தில் குத்தினார். மூக்கிலிருந்து இரத்தம் கொட்டியது. விழுந்தவனின் விலாவில் உதைத்தார். தம்பி வளர்த்தியான பெடியன், திருப்பி ஒரு அடி அடித்திருந்தால் இவர் எழும்பியிருக்க மாட்டார். அவன் அடிக்கவில்லை. இரண்டு கையையும் கக்கத்துக்குள் செருகிக்கொண்டு சுருண்டு கிடந்தான். எதற்காக அப்படிக் கிடந்தான் என்று எனக்குத் தெரியும். அந்தக் கைகள் வெளியே வந்துவிடக் கூடாது என்று நானும் கடவுளைக் கேட்டேன்.

இரண்டாம் மாடிப் பல்கனியில் ஒரு போலந்துக்காரி நின்று கத்தினாள். எனக்கு விளங்கியது பொலிஸ் என்ற ஒரு சொல்தான்.

"அத்தான், மீற்றரைப் பாருங்கோ" என்றான் தம்பி நிலத்தில் கிடந்தபடி. "பார்த்திட்டு அடியுங்கோ."

இவர் என்னைப் பிடித்து லொறிக்குள் தள்ளினார். "ஏறடி! உன்ர தம்பியின்ர வேலையை நீயே பார்!"

தம்பி கொழுவிய மீற்றர் அப்படியே கிடந்தது. கதவைச் சாத்திக்கொண்டு மைக்கை அமத்தினேன். முதலாம் சனலிலேயே முள் உயர்ந்து நின்றது. நாற்பதில் சிவப்புக்குள் போய்ப் படுத்துவிட்டது.

கதவைத் திறந்து, "நாப்பதில கூட" என்றேன்.

தம்பி இரத்தத்தைத் தோளில் துடைத்துக்கொண்டு மேலே பார்த்தான். "நாப்பதில ஏறினால் கம்பி நீண்டிட்டுது. நான் நீட்டேல்லை... உதென்ன நுனியில? ஆர் உதைக் கட்டினது? செப்பெல்லோ! உதைக் கழட்டினால் சரி வரும் அத்தான்."

அவர் மேலே பார்த்தார். பார்த்தவுடன் விளங்கிவிட்டது. அந்த முகத்தை நான் கண்டேன். விளங்கியதும் கோபம் அடங்கும் என்றுதான் நானும் நினைத்தேன்.

"என்ர கடவுளிலயோடா பழி போடுறாய்?"

இடக்கையால் லொறிக் கதவின் நிலையைப் பிடித்துக்கொண்டு, வலக்கையில் ஸ்பனரை உயர்த்தினார். "எந்தக் கையால பூட்டினனீ? நீட்டடா அந்தக் கையை!"

தம்பியின் கைகள் கக்கத்தை விட்டு வெளியே வந்துவிட்டன. விரல்கள் மடங்கியிருந்தன. இனி அவன் பொறுக்க மாட்டான் என்று எனக்குத் தெரிந்தது. இன்னும் ஒரு நொடியில் அவன் எழும்புவான், இவர் விழுவார், பொலிஸ் வரும்.

நான் கதவைப் பிடித்து என் பலம் எல்லாம் சேர்த்து இழுத்துச் சாத்தினேன்.

விரல்கள் நடுவில் அகப்பட்ட சத்தம் காய்ந்த ஈர்க்கு முறிகிற மாதிரி இருந்தது. ஸ்பனர் கீழே விழுந்தது. அவர் போட்ட சத்தத்தில் பல்கனிகள் எல்லாம் நிறைந்துவிட்டன. நான் கதவைத் திறக்கவில்லை. திறந்தால் மற்றக் கை இருக்கிறது. தம்பி எழும்பி ஓடிவந்து, "அக்கா விடுங்கோ! அக்கா!" என்று வெளியிலிருந்து கதவைத் திறந்து அவர் கையை எடுத்தான். இரண்டு விரல்கள் பின்பக்கமாக மடிந்திருந்தன.

பொலிஸ்காரர் இருவர் வந்தபோது, இவர் நிலத்தில் இருந்து ஊளையிட, தம்பி இரத்தமும் கையுமாகப் பக்கத்தில் நிற்க, காலடியில் ஸ்பனர் கிடந்தது. போலந்துக்காரி மேலிருந்து விரலால் இருவரையும் மாறிமாறிக் காட்டினாள். ஒரு பொலிஸ்காரன் நேரே தம்பியைப் பிடித்து லொறியோடு திருப்பிச் சாத்தி, கைகளைப் பின்னால் வளைத்தான்.

நான் இறங்கினேன். அதுவரை ஒரு வெள்ளைக்காரனின் முகத்தை நிமிர்ந்து பார்த்ததில்லை. கதவைத் தட்டிக் காட்டி, பிறகு என் நெஞ்சைத் தட்டினேன்.

"மீ" என்றேன். "ஹிம் நோ. மீ."

பொலிஸ்காரன் என்னை மேலும் கீழும் பார்த்தான். சேலையில் ஒரு சின்ன மனுசி. நம்பவில்லை. இவரிடம் குனிந்து, மனைவியா இதைச் செய்தாள் என்று கேட்டான். அவ்வளவு ஆங்கிலம் எனக்கும் விளங்கியது.

இவர் என்னைப் பார்த்தார். பல்கனிகளைப் பார்த்தார். அதில் பாதிப் பேர் எங்கள் ஆட்கள். மனுசி கையை முறித்தாள் என்று அவர்கள் முன்னால் சொல்லிவிட்டு அந்தக் கட்டடத்தில் அவர் எப்படி நடப்பார்? மச்சான்தான் செய்தான் என்றால், நான் மறுபடி மீ என்று சொல்லுவேன் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கும்.

"நோ, நோ" என்றார். "டோர். விண்ட்."

அன்றைக்குக் காற்றே இல்லை. தம்பியிடம் கேட்டார்கள். லொறிக் கூரையிலிருந்து விழுந்துவிட்டேன் என்றான். அன்ரெனா, மீற்றர், திருகாணி எல்லாம் அங்கேயே கிடந்தன. பொலிஸ்காரர் ஒருவரையொருவர் பார்த்துவிட்டு அவனுடைய கைகளை விட்டார்கள்.

அன்று பின்னேரமே நகரத்தின் மற்றக் கோடியில், மல்வேர்னில் இருந்த அவனுடைய கூட்டாளி ஒருவன் வந்து தம்பியைக் கூட்டிப் போனான். தம்பி போனதும், அவருடைய வலக்கைக்கு ஒரு குறையும் இல்லை என்று எனக்குக் காட்டப்பட்டது. காதில் பட்ட அடி, இன்றைக்கும் அந்தப் பக்கம் சரியாகக் கேட்காது. ஒரு கிழமைக்குப் பிறகு, ஒற்றைக் கையாலே தகட்டைக் கழற்றிக்கொண்டு வந்து உள்ளே கண்ணாடியில் கட்டினார். என்னை ஏற்றி முள்ளைப் பார்க்கச் சொன்னார். "கீழ கிடக்கு" என்றேன்.

தம்பியை அகதி வழக்குக்குக் கூப்பிட மறுபடி பனிக்காலம் வந்துவிட்டது. இவர் வேலையில் நிற்கும் நேரம் பார்த்து எனக்குப் போன் எடுத்தான்.

"அக்கா, பொலிஸ் பிரச்சினை ஏதும் கிடந்ததோ எண்டு கேட்டவங்கள்."

"நீ என்ன சொன்னனீ?"

"இல்லை எண்டனான்."

"அது உண்மைதானே" என்றேன்.

"ஓம் அக்கா. இஞ்சயே இருக்க விட்டிட்டாங்கள்" என்றான். போனை மற்றக் காதுக்கு மாற்றிப் பிடித்து, இன்னொருக்கால் சொல்லச் சொன்னேன்.