கழுவிய முகம்

கினிகத்தேனையில் எங்கள் தொழிற்சங்கக் கூட்டம். மேடையில் என் முறைக்குக் காத்திருந்தபோது கைப்பேசி அதிர்ந்தது. எங்கள் தோட்டத்துக் கன்னியர் மடத்தில் சமைக்கும் செல்லம்மா பேசினார்.

"தலைவரே, செசிலியா சிஸ்டர் காலையில எறந்துட்டாங்க. நாளைக்குப் பூண்டுலோயாவுல அடக்கம். நீங்கதான் ரெண்டு வார்த்த பேசணும்னு எல்லாரும் சொல்றாங்க."

சரி என்றேன். என் பெயரை அழைத்தார்கள். எழுந்து முக்கால் மணி நேரம் பேசினேன். கைதட்டினார்கள். என்ன பேசினேன் என்பது இதை எழுதும் வரையிலும் நினைவுக்கு வரவில்லை.

அருட்சகோதரி செசிலியாவை அறிந்தவர்களே, அவர் தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்தில் பிறந்து துறவு பூண்டவர். எங்கள் தோட்டத்து மடத்தில் காயங்களுக்கு மருந்து கட்டியவர். இரண்டு அங்கி, ஒரு செபமாலை, ஒரு குடை. அவருடைய உடைமை அவ்வளவே. அட்டை கடித்த காலோடு கொழுந்து பறிக்கும் வள்ளி வந்து நின்ற நாள் கண்ணில் நிற்கிறது.

"ஒங்கிட்ட ரத்தம் எங்க இருக்குடி? அட்டையே ஏமாந்து போயிருக்கும். ஒழுங்கா சாப்புடு."

"நீங்க சாப்ட்டீங்களா சிஸ்டர்?"

அவர் காலில் போட்ட கட்டை இறுக்கி முடிந்துவிட்டு அடுத்த ஆளை அழைத்தார்.

ஒழுகும் லயக் கூரைகளுக்காக நாங்கள் வேலைநிறுத்தம் செய்தது ஈஸ்டருக்கு முந்திய தவக்காலத்தில். அக்காலம் முழுவதும் அவர் பகலில் உண்பதில்லை என்று செல்லம்மா வாய்தவறிச் சொல்லிவிட்டார். அதை நான் படைக்கலமாக்கினேன். 'நமக்காக ஒரு துறவியும் பட்டினி கிடக்கிறார்!' என்று ஒலிபெருக்கியில் முழங்கினேன். அது பொய். அந்த நோன்பு அவருக்கும் அவருடைய இறைவனுக்கும் இடையிலானது. மறுநாள் மடத்து வாயிலில் மக்கள் மாலைகளோடு திரண்டார்கள். உண்ணாநோன்பை முடித்துவைக்க ஒருவர் எலுமிச்சைச் சாறும் கொண்டுவந்திருந்தார்.

அருட்சகோதரி ஈர முகத்தோடு வெளியே வந்தார். மாலைகளை வாங்கவில்லை. என்னைத் தனியே அழைத்தார்.

"நோம்பு அன்னைக்கு மொகத்த நல்லா கழுவிக்கிட்டுதான் வெளிய வருவேன் தலைவரே. பசிச்ச மொகத்த யாரும் பாக்கக்கூடாது. நீங்க அத மைக்குல காட்டிட்டீங்களே."

குரலில் சினம் இல்லை. இருந்திருந்தால் நான் வாதாடியிருப்பேன்.

வாயிலில் கூட்டம் கூடியதை விரும்பாத மடத்துத் தலைவி அந்த மாதத்துக்குள் அவரைப் பூண்டுலோயாவுக்கு மாற்றினார். ஆளைத் திரட்டி மறியல் செய்கிறேன் என்று அவரிடம் ஓடினேன்.

"மறுபடியும் மேடையா? மைக்கக் கண்டா ஒங்களுக்குப் பசியே எடுக்காது போல. கூரைக்கு மறியல் பண்ணுங்க. நான் கீழ்ப்படியிறேன்னு வாக்குக் குடுத்தவ."

ஒரு பையோடும் குடையோடும் பேருந்தில் ஏறினார். கூரைகள் புதிதாயின. வள்ளியின் காலுக்குக் கட்டுப்போட அந்த மடத்தில் பிறகு எவரும் இல்லை.

அதன்பின் பூண்டுலோயாவுக்குக் கூட்டங்களுக்காக எத்தனையோ முறை போனேன். மன்னிப்புக் கேட்கும் சொற்களை வழிநெடுகச் செப்பனிடுவேன். சொற்கள் நன்றாகவே அமைந்தன. ஒருமுறைகூட அவர் இருந்த மடத்தின் மணியை அடிக்கவில்லை.

அடக்கத்தன்று ஒலிவாங்கியை என் கையில் கொடுத்தார்கள். சட்டைப்பையில் உரை இருந்தது. அதன் முதல் வரியே அவருடைய நோன்பைப் பற்றியது. எதிரே பெட்டி இருந்தது; மூடியிருந்தார்கள். ஒலிவாங்கியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இறங்கினேன். வேலைநிறுத்த மேடையில் சொன்ன பொய்யைத் திரும்பப் பெறுவதற்கே இதை எழுதுகிறேன். அவர் எங்களுக்காகப் பட்டினி கிடக்கவில்லை. அந்தப் பசி அவருடையது. அதை நான் எடுத்திருக்கக் கூடாது.

கல்லறை வாயிலில் செல்லம்மா என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஊரையே அழ வப்பீங்க. ஒங்களுக்கு அழுகையே வரலியா தலைவரே?"

அங்கு வருமுன் சாலையோரக் குழாயில் முகத்தை நன்றாகக் கழுவியிருந்தேன். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அது ஒன்றுதான்.